தெரிந்தே விட்ட ஊளை

அந்த ஊளையை நான் தெரிந்தேதான் விட்டேன். கை தவறவில்லை, கண் அசரவில்லை, ஒயர் எதுவும் பிடுங்கிக்கொண்டு போகவில்லை. ஊரில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். அன்றைக்குச் செட்டுக்கு முன்னால் நின்றவள் நான், அதனால் நடந்ததை நானே எழுதிவிடுகிறேன்.

எங்களுக்குப் புதூர்நாட்டுப் பக்கம் ஒரு சின்ன மலைக் கிராமம். என் வீட்டுக்காரர் மைக் செட் வைத்திருந்தார். காதுகுத்து, கல்யாணம், கூத்து, சாவு எதுவானாலும் அவருடைய செட்தான் போகும். நெல்லிவாசல்நாடு வரைக்கும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போவார். மூன்று வருஷத்துக்கு முன்னால் புளியமரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டும்போது கிளை முறிந்து விழுந்தார். இடுப்பு போய்விட்டது. இப்போது கோல் ஊன்றி வாசல் வரைக்கும் நடப்பார், அவ்வளவுதான். அவர் படுத்த மறுமாதமே ஒரு காதுகுத்து வீட்டிலிருந்து ஆள் வந்து நின்றது. நான் செட்டை எடுத்துக்கொண்டு போனேன். வேறென்ன செய்வது? பன்னிரண்டாவது வரை படித்தவளுக்கு எந்த ஒயர் எதில் போகும் என்று தெரியாதா?

தெரிந்ததுதான் சிலருக்குப் பிடிக்கவில்லை. முதல் ஆள் என் கொழுந்தன். அண்ணன் படுத்தால் செட் தம்பிக்குத்தானே வரவேண்டும் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான். பொம்பளை மரம் ஏறி ஸ்பீக்கர் கட்டலாமா என்று டீக்கடையில் ஆரம்பித்து, ஊருக்குத் தலைவரான ஊர்க் கவுண்டர் காது வரைக்கும் கொண்டுபோனான். ஏறினேன். சுடிதார் பேன்ட் போட்டுக்கொண்டு ஏறினேன். பார்க்கக் கூசியவன் வேறு பக்கம் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

கல்யாணம் காதுகுத்தெல்லாம் சில்லறை வேலை. வருஷத்துக்கு ஒருமுறை வரும் அம்மன் திருவிழாதான் பெரிய வேலை. ஏழு நாள் செட் போடவேண்டும். திருவிழாவுக்குச் செட் போட்டவரைத்தான் மற்ற ஊர்க்காரர்கள் தேடி வருவார்கள். அது போனால் மலையில் செட்டே போன மாதிரி. அந்தத் திருவிழாவில் ஒரே ஒரு விஷயத்துக்கு எல்லோரும் பயப்படுவார்கள். அதுதான் ஊளை. மைக் தன்னுடைய சத்தத்தையே ஸ்பீக்கரிலிருந்து திரும்ப வாங்கிக்கொண்டு கீச்சென்று கத்துமே, அது. சாமி அழைக்கிற நேரத்தில் மைக் ஊளையிட்டால் எங்கள் ஊரில் அபசகுனம். சாமி வராமல் போய்விடும் என்பார்கள். அதனால் மைக் செட்காரர்களுக்குக் கை எப்போதும் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற குமிழ் மேலேயே இருக்கும். லேசாக ஒரு முனகல் கேட்டால் போதும், மூளை சொல்வதற்கு முன்னால் கை திருகிவிடும். மூன்று வருஷத்தில் என் செட் ஒருமுறை கூடத் திருவிழாவில் ஊளையிட்டதில்லை. சாதத்தில் கல் பொறுக்குகிற மாதிரி பொறுக்கி எடுத்துவிடுவேன்.

போன மாசி மாதம், திருவிழாவுக்கு ஒரு மாதம் இருக்கும்போது, பட்டணத்திலிருந்து நாலு பேர் வந்து ஊர்க் கோடியில் இருக்கும் பண்ணை வீட்டில் பத்து நாள் தங்கினார்கள். பாட்டுக் கட்டுகிறவர்களாம். ஒரு பெண் பாடுகிறவள், கிடார் வாசிக்க முடி வளர்த்த ஒரு பையன், இன்னொரு கிடாருக்கு ஒருவன், டிரம்முக்கு ஒருவன். இவர்கள் பேரை நான் கேட்டதே இல்லை. என் மகள் ஃபோனில் தேடிப் பார்த்து, “யாருக்குமே தெரியாதும்மா இவுங்கள” என்றாள். ஊருக்குப் போவதற்கு முன்னால் ஒருநாள் மத்தியானம் சந்தை மேட்டில் எங்களுக்காக வாசிக்கிறோம் என்றார்கள். பாடுவதற்கு மைக் செட் வேண்டும் என்று அந்தப் பெண் என் வீட்டுக்கு வந்து கேட்டாள்.

விஷயம் ஊர்க் கவுண்டருக்குப் போனது. அவர் எனக்கு மாமனார் முறை. நல்ல மனிதர்தான், ஆனால் யார் கடைசியாகப் பேசினார்களோ அவர்கள் பக்கம் சாய்ந்துவிடுவார். கடைசியாகப் பேசியது என் கொழுந்தன். மறுநாள் ஆளனுப்பி என்னைக் கூப்பிட்டார்.

“தோ பாரும்மா. இது பெரிய கூட்டம். மேலூரு கீழூரு எல்லாம் வரும். இந்த புரோகிராம நீ ஒழுங்கா பண்ணு. மைக்கு ஒரு சத்தம் வுடக் கூடாது. பண்ணிட்டீனா இந்த வருசமும் திருவிழா உனுக்குத்தான். இல்லேனா உன் கொழுந்தன் பாத்துப்பான். சரியா?”

“சரிங்க மாமா” என்றேன். கொழுந்தன் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தான்.

கச்சேரி அன்றைக்குக் காலை எட்டு மணிக்கே போய் ஸ்பீக்கர் பாக்ஸ் இரண்டையும் நிறுத்தினேன். பலகை போட்டு ஒரு சின்ன மேடை. முடி வளர்த்த கிடார் பையன் தனக்கென்று ஒரு ஸ்பீக்கர் பெட்டி கொண்டுவந்திருந்தான். அது கூட்டத்துக்குப் பத்தாது என்று அதற்கு முன்னால் ஒரு மைக் வைத்து என் செட்டோடு இணைத்தேன். அவன் அந்தப் பெட்டிக்கு முன்னால் ரொம்ப நேரம் முன்னும் பின்னுமாக நடந்துகொண்டிருந்தான். தரையில் டேப் ஒட்டினான், பிய்த்தான், தள்ளி ஒட்டினான். படம் பிடிக்க இடம் பார்க்கிறான் போல என்று நான் என் வேலையைப் பார்த்தேன்.

மூன்று மணிக்கு ஆரம்பித்தார்கள். வெயில் தாழ்ந்ததும் ஜீப்பெல்லாம் கிளம்பிவிடும் என்பதால் அந்த நேரம். புளி உலுக்குகிற மாதம். ஆனாலும் எல்லோரும் வேலையைப் போட்டுவிட்டு வந்திருந்தார்கள். முன் வரிசை நாற்காலியில் ஊர்க் கவுண்டரும் திருவிழாக் கமிட்டியும். எங்கள் ஜனத்துக்குப் பாட்டுக் கச்சேரி என்றால் சினிமாப் பாட்டுதான். முதல் பாட்டு முடிவதற்குள் துண்டுச் சீட்டில் பாட்டு எழுதி மேடைக்கு அனுப்ப ஆரம்பித்துவிட்டார்கள். அந்தப் பெண் ஒவ்வொரு சீட்டையும் வாங்கிப் படித்து, “இது எங்களுக்குத் தெரியாதுங்க. நாங்க எங்க பாட்டு மட்டுந்தான் பாடுவோம்” என்றாள். பின்னாலிருந்து ஒருத்தர், “அப்போ எதுக்கும்மா வந்தீங்க?” என்று கேட்டார். ஜனம் சிரித்தது. அவளும் சிரித்தாள்.

உள்ளதைச் சொல்கிறேன், முதல் பாட்டு எனக்குப் பிடிக்கவில்லை. தகரக் கொட்டகை மேல் ஆலங்கட்டி விழுந்த மாதிரி இருந்தது. இரண்டாவது பாட்டில் என்னை அறியாமல் கால் தாளம் போட்டது. மூன்றாவது எனக்கு நினைவே இல்லை. நாலாவது பாட்டுக்கு அந்தப் பெண் மேடை விளிம்பில் வந்து உட்கார்ந்தாள். வீட்டைப் பூட்டிவிட்டு வந்துவிட்டேன், சாவியைக் கிணற்றில் போட்டுவிட்டேன், இனி என்னைக் கூப்பிடாதே என்று பாடினாள். மெதுவாக, பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்கிற மாதிரி சொன்னாள். அதையே நாலைந்து தடவை சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டாள். பெண்கள் பக்கம் சத்தமே இல்லை.

அப்போது கிடார் பையன் எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, தன் பெட்டியிடம் போய், கிடாரை அதற்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றான். மெல்லிசாக ஒரு முனகல் கிளம்பியது. அடுத்த நொடியில் அது ஊளையாகிப் பாக்ஸ் இரண்டையும் பிடித்துக்கொண்டது. கை தானாகக் குமிழைத் திருகியது. அப்படியும் நிற்கவில்லை, அவன் பெட்டியிலிருந்தே வந்துகொண்டிருந்தது. பாவம், இந்தப் பையனுக்கு அடக்கத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். மேடை மேல் தாவி ஏறினேன். அவன் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டேன்.

ஊளை நின்றது. அடுத்து கைதட்டல். என் ஆயுளில் எனக்கு ஊர் கைதட்டியது அந்த ஒருமுறைதான். ஊர்க் கவுண்டர் பக்கத்து நாற்காலிக்காரரிடம், “பாத்தியா, இன்னா வேகம். இந்தக் கைய வுட்டுட்டு வேற யாருக்குக் குடுக்கறது?” என்றார். எனக்குக் கேட்கும்படியாகவே சொன்னார். கொழுந்தன் முகம் தொங்கிப்போயிற்று. திருவிழா என் மடியில் வந்து விழுந்துவிட்டது. நான் கையில் பிளக்கை வைத்துக்கொண்டு, பெருமை தாங்காமல் நின்றேன்.

அந்தப் பெண் என்னிடம் வந்தாள். கோபமில்லை. “அக்கா, அது தப்பா வந்த சத்தம் இல்லக்கா. அதான் பாட்டு” என்றாள்.

“ஊளையா பாட்டு?”

“ஆமாக்கா. நான் பாடறது பாதி, அவன் வாசிக்கறது பாதி.”

பையன் பேச்சின் நடுவில் வாயில் அடி வாங்கியவன் மாதிரி நின்றான். எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது. அதை மறைக்க எரிந்து விழுந்தேன். “அந்தக் கருமத்த வாசிக்கறதுக்கு எதுக்குப்பா கிடாரு? ஒரு மைக்க ஸ்பீக்கருக்கு நேரா காட்டுனா நானே விடுவேனே” என்றேன்.

“காட்டிட்டு, அது எங்க போவணும்னு நீங்க சொல்ல முடியுமாக்கா?” என்று கேட்டான்.

கீழே காட்டினான். பலகையில் மூன்று டேப் துண்டுகள். இதில் நின்றால் ஒரு சுரம், ஒரு சாண் தள்ளி நின்றால் வேறு சுரம், அந்த மூன்றாவதில் தோளைச் சாய்த்தால் அடியிலிருந்து கனமாக ஒன்று வரும் என்றான். இடத்துக்கு இடம் இது மாறும், இந்த மேட்டுக்கு இதைக் கண்டுபிடிக்கக் காலை முழுக்க ஆயிற்று என்றான். நான் டேப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று வருஷமாக அந்தச் சத்தத்தை நான் விரட்டிக்கொண்டிருக்கிறேன். என் வீட்டுக்காரர் இருபது வருஷம் விரட்டினார். அது எப்போது வரும், எந்தப் பக்கம் ஓடும் என்று ஒருநாளும் எங்களுக்குத் தெரிந்ததில்லை. இவன் அதை நிற்க வைத்திருக்கிறான், நடக்க வைத்திருக்கிறான். தெரியாதவன் என்று நினைத்து நான் போய்ப் பிடுங்கியிருக்கிறேன். என்னைவிடத் தெரிந்தவனிடமிருந்து. பொம்பளைக்கு என்ன தெரியும் என்று ஊர் என்னைச் சொன்ன மாதிரியே நானும் அவனைச் சொல்லிவிட்டேன். கூசிப்போனேன். “மன்னிச்சுக்கப்பா, தெரியாம புடுங்கிட்டேன்” என்றேன்.

“இன்னொரு வாட்டி வாசிக்கலாமாக்கா?” என்றாள் அந்தப் பெண்.

“அது வந்துச்சுனா என் திருவிழா போய்டும்மா” என்று நடந்ததைச் சொன்னேன்.

பையன் உடனே, “அப்ப வேணாம்க்கா. வேற பாட்டு இருக்கு, அத வாசிக்கறோம்” என்றான். மனசாரத்தான் சொன்னான்.

அதோடு விட்டிருக்கலாம். ஊர் கைதட்டியாகிவிட்டது, கவுண்டர் வாயால் சொல்லியாகிவிட்டது. பேசாமல் போய் நின்றிருந்தால் ஏழு நாள் வேலை, வருஷம் முழுக்கக் கூப்பிடுவார்கள். எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அந்தக் கைதட்டல் நான் செய்த தப்புக்குக் கிடைத்தது. அதை வாங்கி மடியில் முடிந்துகொண்டு போக எனக்கு மனசு வரவில்லை. போதாததற்கு, பாதியில் அறுந்துபோன அந்தச் சத்தம் மீதி எப்படிப் போகும் என்று கேட்டே ஆகவேண்டும் போலிருந்தது. ஆசைதான், வேறென்ன?

“அதையே வாசி” என்றேன். பிளக்கை நானே சொருகிவிட்டு, செட் இருந்த மேசைக்குப் போய்க் குமிழைப் பழையபடி கூட்டி வைத்தேன்.

அவள் மறுபடி விளிம்பில் உட்கார்ந்து முதலிலிருந்து பாடினாள். சாவியைக் கிணற்றில் போட்டாள். கூப்பிடாதே என்றாள். பையன் திரும்பினான். நான் குமிழிலிருந்து கையை எடுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். சொன்னால் நம்பமாட்டீர்கள், கை சும்மா இருக்கவில்லை. திருகு திருகு என்று அதுவாகவே துடித்தது. ஒரு கையால் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஊளை வந்தது. முதலில் காதை அடைத்துக்கொண்டார்கள். பிள்ளைகள் கத்தினார்கள். சந்தை மேட்டு ஓரத்தில் கட்டியிருந்த ஆடுகள் கயிற்றை இழுத்தன. ஊர்க் கவுண்டர் எழுந்து என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். “கொறம்மா, கொற” என்று வாயசைப்பது தெரிந்தது. நான் பார்த்தேன், கையைப் பின்னாலிருந்து எடுக்கவில்லை. கமிட்டிக்காரர் ஒருவர், “நல்ல காரியம் வர்ற மாசத்துல இன்னாது இது” என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்து போனார். கொழுந்தன் நேராக என் மேசைக்கு வந்தான்.

“அண்ணி, தள்ளுங்க. கவுண்டரு கொறைக்கச் சொல்றாரு.”

“கேட்டுச்சு.”

“அப்ப தள்ளுங்க.”

“குமிழத் தொட்டுப் பாரு. தொட்ட கைய ஒடச்சிடுவேன்.”

அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டான்.

பையன் முதல் டேப்பிலிருந்து இரண்டாவதுக்கு வந்தான். கீச்சென்று இருந்தது இறங்கி ஒரு நீண்ட குரலானது. டிரம் அதற்கு அடியில் மெதுவாகச் சேர்ந்துகொண்டது. மூன்றாவதில் தோளைச் சாய்த்தான். அது என் நெஞ்சுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஆகிவிட்டது. வீட்டுக்காரர் மரத்திலிருந்து விழுந்த அன்றைக்கு நான் ஒரு சத்தம் போட்டேன். அதைப் பாதியிலேயே பக்கத்து வீட்டுப் பெண்கள் முந்தானையால் பொத்திவிட்டார்கள். “இப்டியா கத்துவாங்க, ஊருக்கே கேக்குது, உசுரு இருக்குதில்ல” என்று பொத்தினார்கள். நல்லதுக்குத்தான் பொத்தினார்கள். ஆனால் அதன் மீதி எனக்குள்ளேயே இருந்திருக்கிறது, மூன்று வருஷமாக. அது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. மேசைக்கு முன்னால் நின்று, கொழுந்தன் பார்க்கப் பார்க்க அழுதேன். துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. கை பின்னால்தானே இருந்தது.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. முடிந்தபோது அவன் கிடாரின் கம்பிகள் மேல் உள்ளங்கையை வைத்து நிறுத்தினான். யாரும் கைதட்டவில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து, புளி அடிக்கிற கோலோடு வந்திருந்த ஒருத்தி மட்டும், “நல்லாத்தான் கீது” என்று யாருக்கோ சொன்னாள். பாதிக் கூட்டம் ஏற்கெனவே போய்விட்டிருந்தது.

ஊர்க் கவுண்டர் வந்தார். கூட்டத்தில் கத்துகிற ஆளில்லை அவர். தாழ்ந்த குரலில்தான் கேட்டார். “ஏம்மா, நான் கைய காட்டுனது உனுக்குத் தெரிலியா?”

“தெரிஞ்சிதுங்க மாமா.”

“அப்பறம் ஏன்மா?”

“பாட்டு முடியலீங்க.”

அவர் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார். திருவிழா கொழுந்தனுக்கு என்று அன்று பொழுது சாய்வதற்குள் முடிவாகிவிட்டது. செட்டை மட்டும் கொடு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கொழுந்தன் ஆளனுப்பினான். நான் போகாத இடத்துக்குச் செட் போகாது என்று சொல்லியனுப்பினேன். மலைக்குக் கீழே திருப்பத்தூரில் வாடகைக்குச் செட் பேசினார்கள்.

இதில் என்னை வாட்டியது ஊர் இல்லை, என் வீட்டுக்காரர்தான். அவர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். திட்டியிருந்தால் நானும் நாலு திருப்பிக் கொடுத்திருப்பேன். சோறு வைத்தால் சாப்பிடுவார், தண்ணீர் வைத்தால் குடிப்பார், அவ்வளவுதான். இருபது வருஷம் ஓர் ஊளைகூட விடாமல் காப்பாற்றிய பேர் அது. என்ன நினைத்து அப்படிச் செய்தாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காததால் நானும் சொல்லவில்லை.

திருவிழாவுக்கு ஐந்து நாள் இருக்கும்போது ஊர்க் கவுண்டர் எங்கள் வீட்டுக்கு வந்தார். திருப்பத்தூர் செட்காரர்களுக்கு எங்கள் கூத்து எப்போது எழும், எப்போது அடங்கும் என்று தெரியவில்லையாம். கூத்தாடுகிறவர்கள் அந்தம்மாதான் வேண்டும் என்கிறார்களாம். மோர் வாங்கிக் குடித்துவிட்டு, என் வீட்டுக்காரரைப் பார்த்தபடியே என்னிடம் பேசினார்.

“நான் கமிட்டில பேசிட்டேன். நீ வந்து ஒரே ஒரு வார்த்த சொல்லு. கை தவறிப்போச்சு, தெரியாம வுட்டுட்டேன்னு. அம்மனுக்கு ஒரு தேங்கா ஒட. முடிஞ்சுது, திருவிழா உனுக்குத்தான்.”

என் வீட்டுக்காரர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கச்சேரிக்கு அப்புறம் முதல் தடவையாக நேராகப் பார்த்தார். சொல்லிவிடேன் என்று அந்தக் கண் கேட்டது. அந்தக் கண்ணுக்காகவாவது சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன், இது என்ன பெரிய பொய்.

வரவில்லை. எனக்குக் கை தவறியது என்று இனி எவனாவது சொல்லட்டும் என்று விட்டுவிடலாம், நானே சொல்ல முடியாது.

“மாமா, அன்னிக்கு நான் ரெண்டு காரியம் பண்ணேன்” என்றேன். “மொதல்ல பிளக்கப் புடுங்குனேன். அது தெரியாம பண்ணது. அதுக்கு நீங்கள்லாம் கை தட்டுனீங்க. அப்பறமா கைய எடுத்துகினேன். அது தெரிஞ்சே பண்ணது. மன்னிப்பு கேக்கணும்னா மொதல்ல பண்ணதுக்குத்தான் கேக்கணும். அத அந்தப் புள்ளைங்ககிட்ட அன்னிக்கே கேட்டுட்டேன். அம்மனுக்குத் தேங்கா வேணா ஒடைக்கறேன், சும்மாவே ஒடைக்கறேன். தெரியாம வுட்டேன்னு மட்டும் சொல்ல மாட்டேங்க.”

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு, “வர்றேம்பா” என்று என் வீட்டுக்காரரிடம் மட்டும் சொல்லிக்கொண்டு எழுந்து போனார்.

நான் டம்ளரை எடுக்கக் குனிந்தேன்.

“போச்சா?” என்றார் என் வீட்டுக்காரர்.

“போச்சு.”

கோலை ஊன்றி எழப் பார்த்தார், முடியாமல் மறுபடி உட்கார்ந்தார். “சரி” என்றார். “சோத்தப் போடு. ரெண்டு பேருக்கும் போடு. அந்தப் பாட்டு எப்டி இருந்துச்சுன்னு மொதல்லேர்ந்து சொல்லு.”